மூன்றில் ஒருத்தி

மன்னிக்கணும் மக்களே, மூணு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. தீசிஸ், ஹாலிஃபாக்ஸ் குளிர், பார்ட் டைம் வேலை என்று காரணம் அடுக்கலாம். நிஜக் காரணம் வேறே. எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு விஷயம்தான் வந்து நின்றது. அதை எழுதலாமா வேண்டாமான்னு இத்தனை நாள் இழுத்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்கு எழுதிடறேன். கொஞ்சம் நீளம், காபி எடுத்துக்கிட்டு வந்து உட்காருங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. திசுக்களைச் சாயம் போட்டுப் பார்க்கிற முதுகலை மாணவி. இதை வைத்து யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

எங்கள் ஆய்வகத்தில் என் வேலை சிம்பிளானது. மார்பகப் புற்றுநோய்த் திசுவை மெல்லிசா சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி, சாயம் ஏற்றி வைத்திருப்பார்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நூறு செல்லில் எத்தனை செல்லுக்கு உட்கரு பழுப்பாக இருக்குன்னு எண்ணணும். பழுப்பு இருந்தால் அந்தச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர் இருக்கு. இல்லாவிட்டால் நீலம் மட்டும். நம்ம பாடநூலில் ரிசப்டருக்கு 'ஏற்பி'ன்னு அழகான பெயர் உண்டு. வருகிற ஹார்மோனை ஏற்று, செல்லுக்குள் "வளரு, பெருகு" என்ற உத்தரவாக மாற்றுகிற புரதம் அது. பழுப்பா நீலமா என்பதை வைத்துத்தான் அந்தப் பெண்மணிக்கு ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவாகும். எண்ணிக் குறித்துவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவேன். இந்தப் பழுப்பு எங்கிருந்து வந்ததுன்னு நான் யோசித்ததே இல்லை, அம்மா வாட்ஸப்பில் ஒரு பழைய ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பும் வரைக்கும். அந்த ரிப்போர்ட்டுக்குக் கடைசியில் வருகிறேன்.

கதை மாட்டில் ஆரம்பிக்குது. சிரிக்காதீங்க, நிஜமாத்தான். ஸ்காட்லாந்தில் ஜார்ஜ் பீட்சன் என்று ஒரு அறுவை மருத்துவர். எம்.டி. ஆய்வேட்டுக்கு அவர் எடுத்த தலைப்பு பால் சுரப்பு. சில நாடுகளில் கன்று ஈன்ற பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் பால் வற்றாமல் தொடர்ந்து வரும் என்று விவசாயிகள் வழக்கம் வைத்திருந்ததைக் கேள்விப்பட்டார். எங்கேயோ அடிவயிற்றில் இருக்கிற உறுப்பு எப்படி மடியைக் கட்டுப்படுத்துகிறது? இரண்டுக்கும் நடுவே நரம்புத் தொடர்பு எதுவும் தெரியவில்லை. இந்தக் கேள்வி அவர் மனதில் கிடந்துகொண்டே இருந்தது.

1895ல் 33 வயதுப் பெண் ஒருவர் அவரிடம் வந்தார். மார்பகத்தில் புற்று முற்றி, வெட்டி எடுக்க வழியில்லாத நிலை. பீட்சன் அவர் சம்மதத்தோடு ஜூன் மாதம் இரண்டு சினைப்பைகளையும் எடுத்தார். சில மாதங்களில் கட்டிகள் கரைந்துபோயின. அந்தப் பெண் சுமார் நாலு வருஷம் வாழ்ந்தார். 1896ல் லான்செட் இதழில் பீட்சன் இதை எழுதினார். கவனிங்க, அப்போது 'ஹார்மோன்' என்ற சொல்லே கிடையாது. ஸ்டார்லிங் அதைப் பயன்படுத்தியது 1905ல்தான். ஈஸ்ட்ரோஜன் ஆய்வகத்தில் பிடிபட்டது 1920களில். பேரே இல்லாத ஒன்றை வெட்டி நிறுத்தியிருக்கிறார் மனுஷன்!

அடுத்து மற்ற டாக்டர்களும் செய்ய ஆரம்பித்தார்கள். 1900லேயே கணக்குப் பார்த்துவிட்டார்கள். சினைப்பை எடுத்த பெண்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் கட்டி சுருங்கியது. மீதி இரண்டு பேருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. வயிற்றைக் கிழித்ததுதான் மிச்சம்.

இந்த மூன்றில் ஒன்று என்ற கணக்கைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோங்க. அடுத்த எழுபது வருஷத்துக்கு யாராலும் அதைத் தாண்ட முடியலை.

இப்போ ஆண்கள் பக்கம். சார்லஸ் ஹக்கின்ஸ் பிறந்தது நான் இப்போ குளிரில் நடுங்கிக்கிட்டு இருக்கிற இதே ஹாலிஃபாக்ஸில்தான், 1901ல். பின்னால் சிகாகோ போய்விட்டார். வயதான நாய்களுக்கும் ஆண்களைப் போலவே புராஸ்டேட் சுரப்பி வீங்கும். விரைகளை எடுத்தால் வீக்கம் வற்றும் என்று நாய்களில் கண்டார். 1941ல் கிளாரன்ஸ் ஹாட்ஜஸுடன் சேர்ந்து மனிதர்களில் காட்டினார். எலும்பு வரைக்கும் புற்று பரவி, வலியில் கிடந்த ஆண்களுக்கு விரைகளை அகற்றினாலோ, பெண் ஹார்மோனைக் கொடுத்தாலோ வலி குறைந்தது, ரத்தத்தில் ஆசிட் பாஸ்பட்டேஸ் அளவும் இறங்கியது. ஆண் ஹார்மோனை ஏற்றினால் அதே அளவு எகிறியது. 1966ல் நோபல் கொடுத்தார்கள்.

ஹக்கின்ஸ் அதோடு விடவில்லை. சினைப்பை போனாலும் சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து கொஞ்சம் ஹார்மோன் வரும். கார்டிசோன் மருந்து கிடைக்க ஆரம்பித்ததும், 1950களின் தொடக்கத்தில் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு இரண்டு அட்ரீனலையும் எடுத்தார். ஸ்வீடனில் இன்னொரு படி மேலே போய் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரியையே எடுத்தார்கள். ஆயுள் முழுக்க மருந்தில் வாழவேண்டிய கொடூரமான அறுவை இது. அப்போதும் பலன் கிட்டத்தட்ட அதே மூன்றில் ஒரு பங்குக்குத்தான். யார் அந்த ஒருத்தி என்று கத்தியை எடுக்கும் முன்னால் சொல்ல யாருக்கும் வழி தெரியலை. எனக்கு இந்தப் பத்தியை எழுதும்போது ஹக்கின்ஸ் மேல் கோபம்தான் வருது. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடித்தவரை சிகாகோவுக்குக் கூட்டிவந்ததும் அவரேதான். என்ன செய்ய?

அவர் பெயர் எல்வுட் ஜென்சன். வேதியியல்காரர். இரண்டாம் உலகப்போரில் விஷவாயு ஆராய்ச்சியில் இருந்து, அந்த விஷத்தாலேயே ஆஸ்பத்திரியில் படுத்தவர். அப்புறம் ஒரு வருஷம் சுவிட்சர்லாந்து போனபோது, மலையேறிப் பழக்கமே இல்லாமல் மேட்டர்ஹார்ன் சிகரம் ஏறினார். எல்லாரும் முட்டி மோதுகிற பக்கத்தை விட்டுட்டு வேற பக்கமா ஏறினால் உச்சிக்குப் போகலாம் என்பதற்கு அந்த மலையைத்தான் பின்னாளில் உதாரணம் சொல்வார்.

எல்லாரும் மோதிக்கொண்டிருந்த பக்கம் எது? ஈஸ்ட்ரோஜனுக்கு செல்லில் என்ன ஆகிறது என்று தேடியவர்கள் எல்லாம், ஏதோ ஒரு நொதி அதைப் பிடித்து மாற்றுகிறது, அந்த மாற்றத்திலிருந்துதான் வளர்ச்சி வருகிறது என்று நம்பினார்கள். ஆகவே நொதியைத் தேடினார்கள். ஜென்சன் கேட்டது இன்னும் எளிமையான கேள்வி. ஈஸ்ட்ரோஜனை உள்ளே விட்டால் அது எங்கே போய் உட்காருகிறது?

ஆனால் கண்டுபிடிப்பது எளிமையா இல்லை. ஒரு எலிக்குட்டியின் கர்ப்பப்பையை வளர வைக்கத் தேவையான ஈஸ்ட்ரோஜன், ஒரு கிராமைக் கோடியாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அவ்வளவு குறைவானதைப் பின்தொடர்வது எப்படி? ஜென்சனும் ஹெர்பர்ட் ஜேக்கப்சனும் கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியத்தை ஈஸ்ட்ராடையாலில் ஏற்றுவதற்குத் தாங்களே ஒரு கருவி கட்டினார்கள். ஊசி போட்ட எலிகளின் உறுப்புகளை எடுத்து எண்ணினார்கள். ரத்தத்தில், ஈரலில், தசையில் வந்த வேகத்தில் கலைந்துபோனது. கர்ப்பப்பையில் மட்டும் தங்கிவிட்டது. அதைவிட முக்கியம், வேதியியல்படி எந்த மாற்றமும் இல்லாமல் போனது போனபடியே உட்கார்ந்திருந்தது. அப்படியானால் நொதி இல்லை. ஏதோ ஒன்று பிடித்துவைத்திருக்கிறது.

1958ல் வியன்னாவில் நடந்த உயிர்வேதியியல் மாநாட்டில் இதைச் சொன்னார். கேட்க வந்தவர்கள் ஐந்து பேராம், அதில் மூன்று பேர் அடுத்துப் பேசவேண்டியவர்கள். அதே நேரம் இன்னொரு அரங்கில் ஈஸ்ட்ரோஜன் நொதிகளைப் பற்றிய அமர்வுக்கு ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். போன மாசம் எங்க டிபார்ட்மெண்ட் செமினாரில் என் பேச்சைக் கேட்க நாலு பேர் வந்தாங்க. ஜென்சன் கதையைப் படித்ததும் மனசு லேசாயிருச்சு :-)

1966ல் கோர்ஸ்கியும் டாஃப்டும் அந்தப் பிடித்துவைக்கும் புரதத்தைப் பிரித்துக் காட்டினார்கள். ஜென்சன் அடுத்ததாக மனிதக் கட்டிகளுக்கு வந்தார். அறுவையில் எடுத்த மார்பகக் கட்டியில் இந்த ரிசப்டர் இருக்கிறதா என்று அளந்தார். சில கட்டிகளில் நிறைய இருந்தது, சிலதில் இல்லவே இல்லை. ரிசப்டர் இல்லாத கட்டிக்காரர்களுக்கு அட்ரீனலை எடுத்தும் பயனில்லை என்று 1971 வாக்கில் சொன்னார். 1974ல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் பல நாட்டு ஆய்வகங்கள் தங்கள் கணக்கைக் கொண்டுவந்து ஒன்றாகக் கொட்டினார்கள். ரிசப்டர் உள்ளவர்களில் பாதிக்கும் கொஞ்சம் மேலானவர்களுக்கு ஹார்மோன் சிகிச்சை கேட்டது. இல்லாதவர்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவு. எழுபத்தைந்து வருஷமாகத் தேடிய 'மூன்றில் ஒருத்தி'க்கு முதல் தடவையாக ஒரு அடையாளம் கிடைத்தது. அதைவிடப் பெரிய விஷயம், மற்ற இரண்டு பேரில் பெரும்பாலானவர்களை வீணாக வெட்டாமல் விடலாம்.

அதே காலத்தில் கத்திக்குப் பதிலாக மாத்திரையும் வந்தது. இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. கம்பெனியில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் 1962ல் ஒரு பொருளைத் தயாரித்தார். ஆர்தர் வால்போல் குழுவினர் தேடிக்கொண்டிருந்தது கருத்தடை மாத்திரை. எலியில் பிரமாதமாக வேலை செய்தது. பெண்களில் பார்த்தால் தலைகீழ், கருமுட்டை வெளியேற உதவியது! கருத்தடை மாத்திரையாக அது அவுட். மான்செஸ்டரில் மேரி கோல் குழுவினர் முற்றிய மார்பகப் புற்றுநோயாளிகள் 46 பேருக்குக் கொடுத்துப் பார்த்து, 10 பேருக்கு நல்ல பலன் என்று 1971ல் எழுதினார்கள். அதுதான் டமாக்ஸிபென். பிரிட்டனில் 1973ல், அமெரிக்காவில் 1977ல் அனுமதி. ரிசப்டர் இருக்கிற கட்டி என்றால், அறுவைக்குப் பிறகு அஞ்சு வருஷம் இந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களில் அந்த நோயால் வரும் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ரிசப்டர் இல்லாவிட்டால் பலன் இல்லை. நம்ம ஊர் மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிற, விலை மலிவான மாத்திரைங்க இது.

ஒரே ரிசப்டர்தானே, எல்லா உறுப்பிலும் ஒரே மாதிரிதானே நடந்துக்கும்னு நினைச்சா, அங்கேதான் இடறும். கிரெய்க் ஜோர்டான் குழுவினர் 1988ல் ஒரே எலியின் உடம்பில் இரண்டு மனிதக் கட்டிகளை வளர்த்தார்கள். ஒன்று மார்பகக் கட்டி, மற்றது கர்ப்பப்பை உட்சுவர்க் கட்டி. டமாக்ஸிபென் கொடுத்ததும் மார்பகக் கட்டி அடங்கியது, கர்ப்பப்பைக் கட்டி வளர்ந்தது. ஒரே எலி, ஒரே மருந்து. பூட்டில் சாவி நுழைந்தபிறகு ரிசப்டரோடு கைகோக்கும் மற்ற புரதங்கள் உறுப்புக்கு உறுப்பு வேறே. அதனால் ஓர் இடத்தில் தடையாக இருப்பது இன்னோர் இடத்தில் தூண்டுதலாகிறது. டமாக்ஸிபென் சாப்பிடும் பெண்களிடம், மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு இருந்தால் உடனே வந்து காட்டச் சொல்வது இதனால்தான்.

புராஸ்டேட்டில் நடப்பது இன்னும் குறும்பு. அங்கே ஆண் ஹார்மோனுக்கான ரிசப்டர். ஹார்மோனை வறட்சியாக்கினால் புற்றுச்செல் ரிசப்டரை அதிகமாகத் தயாரித்து, கிடைக்கிற துளியையும் விடாமல் பிடிக்கும். சிலசமயம் ரிசப்டரே உருமாறி, தடுக்கக் கொடுத்த மருந்தையே ஹார்மோனாக நினைத்துக்கொள்ளும். 1993ல் ஃப்ளூட்டமைட் மருந்தை நிறுத்தியதாலேயே சில நோயாளிகளுக்கு நோய் குறைந்ததைக் கண்டு டாக்டர்களே குழம்பினார்கள். மருந்தை நிறுத்துவதே மருந்து! 2012ல் வந்த என்சலூட்டமைட் இந்த ரிசப்டரை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும்படி செய்யப்பட்டது. அதற்கும் செல்கள் வழி கண்டுபிடிக்கத்தான் செய்கின்றன.

சரி, பழுப்புச் சாயத்துக்கு வருவோம். ஜென்சன் காலத்துச் சோதனைக்குப் புதுக் கட்டியைத் திரவ நைட்ரஜனில் உறையவைக்கணும், கதிரியக்கம் வேணும். அவரும் ஜெஃப்ரி கிரீனும் 1980 வாக்கில் ரிசப்டரைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடிகளை உருவாக்கினார்கள். பிறகு ஃபார்மலினில் ஊறி மெழுகில் புதைந்த சாதாரணத் திசுவிலேயே பார்க்க முடிந்தது. 1990களில் உலகம் முழுக்க இந்த முறைக்கு மாறியது. திசுவை முதலில் வேகவைக்கணும், ஃபார்மலின் கட்டிப்போட்ட புரதங்கள் அப்போதுதான் அவிழும். பல ஆய்வகங்களில் இதுக்கு பிரஷர் குக்கர்தான். முதல் நாள் பார்த்தபோது எனக்கு இட்லி ஞாபகம் வந்துச்சு.

சமையல் போலவே இதிலும் பக்குவம் தப்பலாம். வெட்டி எடுத்த திசு ஃபார்மலினில் போகத் தாமதமானால் ரிசப்டர் சிதையும். சரியாக ஊறாவிட்டாலும், வேகாவிட்டாலும் பழுப்பு வராது. பார்க்கிறவர் "இல்லை" என்று எழுதிவிடுவார். அதனால் ஒரு எளிய பழக்கம் உண்டு. கட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும் நல்ல மார்பகச் செல்களைப் பார்க்கணும். அவற்றில் சிலதாவது பழுப்பாக இருக்கணும். அவையும் வெறும் நீலமாக இருந்தால் அந்த ஸ்லைடு எதையும் சொல்லவில்லை, திருப்பிச் செய்யணும்.

இங்கிருந்து கடல் தாண்டினால் நியூஃபவுண்ட்லேண்ட். 1997 முதல் 2005 வரை அங்கே ஒரு ஆய்வகத்தில் இந்தப் பக்குவம்தான் தப்பியது. 2005ல் லோபுலர் வகைப் புற்றுநோய் கொண்ட ஒரு பெண்ணின் பழைய மாதிரியைத் திருப்பிச் சோதித்தார்கள். லோபுலர் வகையில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ரிசப்டர் இருக்கும். அவருடையது 'இல்லை' என்று வந்தது டாக்டருக்கு உறுத்தியிருக்கிறது. திருப்பிச் செய்தால் 'இருக்கு'. பிறகு சுமார் ஆயிரம் பேரின் மாதிரிகள் டொராண்டோ போயின. கிட்டத்தட்ட 400 பேரின் முடிவு தப்பு. மாத்திரை கிடைத்திருக்கவேண்டியவர்கள், கிடைக்காமல் போனவர்கள். அவர்களில் நூறு பேருக்கும் மேல் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள். பல பெண்களுக்கு விஷயம் தெரிந்ததே பத்திரிகைச் செய்தியால்தான். நீதிபதி மார்கரெட் கேமரன் விசாரித்து 2009ல் அறிக்கை கொடுத்தார். எங்கள் வகுப்பில் அதை எல்லாரும் படித்தாகணும்.

அதைப் படித்துக்கொண்டிருந்த வாரம்தான் அம்மா அந்த போட்டோவை அனுப்பினாள். திருநெல்வேலியில் பெரியப்பா வீட்டைக் காலி பண்ணும்போது டிரங்குப்பெட்டியில் கிடைத்ததாம். என் பெரியம்மாவுடைய ரிப்போர்ட். ஆபரேஷன் 2011 ஜனவரியில், பொங்கலுக்கு முந்தின நாள். நான் அப்போ அஞ்சாவது. "நீ இதைத்தானட்டி படிக்கே, என்ன போட்டிருக்குன்னு சொல்லு" என்று கேட்டாள்.

பெரிதாக்கிப் பார்த்தேன். லோபுலர் வகை. கிரேடு ஒன்று. ஈஸ்ட்ரோஜன் ரிசப்டர்: இல்லை.

மாதிரி ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த தேதி, ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள். நல்ல செல்களில் சாயம் ஏறியதா என்று ஒரு வரி இல்லை. அமெரிக்காவில் 2010ல் வந்த நெறிமுறை, ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போடணும், 6 முதல் 72 மணி நேரம் ஊறணும் என்கிறது. பொங்கல் லீவில் பெரியம்மாவின் திசு எங்கே, எதில் இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? பெரியம்மாவுக்குக் கீமோ கொடுத்தார்கள், கரண்டு வைத்தார்கள். மாத்திரை கொடுக்கலை. 2014ல் போய்விட்டாள். பத்தில் ஒன்றுக்கும் குறைவான அந்த நிஜமான 'இல்லை'யாகவும் இருக்கலாம். மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் போயிருக்கலாம். ரெண்டையும் நூறு தடவை எனக்கே சொல்லிக்கிட்டேன்.

அம்மாவிடம் "அந்தக் காலத்து ரிப்போர்ட், தெளிவா இல்லம்மா" என்றேன். பொய். ரிப்போர்ட் ரொம்பத் தெளிவா இருக்கு.

நேற்று மறுபடி போன். பெட்டியின் அடியில் சின்ன பிளாஸ்டிக் கவரில் மெழுகு வைத்த ரெண்டு கட்டி இருக்காம், பெரியம்மா பேரும் ஒரு நம்பரும் எழுதி. ஆஸ்பத்திரியில் கொடுத்தது போல. "இது என்னட்டி? தூரப் போட்டுரவா?"

அந்த மெழுகுக்குள்தான் திசு இருக்கு. பத்துப் பதினைந்து வருஷமானாலும் சீவிச் சாயம் போட முடியும். குக்கரில் வைத்த பக்குவம் மட்டும் தப்பியிருந்தால் பழுப்பு வந்துவிடும். முதலிலேயே ஊறாமல் சிதைந்திருந்தால் எத்தனை தடவை செய்தாலும் நீலம்தான், ஒன்றும் தெரியாது. பெரியம்மா மகள், என் அக்கா, இதைத் தெரிஞ்சுக்க விரும்புவாளா என்பதும் எனக்குத் தெரியலை. அவளைக் கேட்காமல் எதுவும் செய்யப் போறதில்லை. கேட்கவும் இன்னும் வாய் வரலை.

"போடாதம்மா. வெயில் படாத இடத்தில் வை" என்று மட்டும் சொல்லியிருக்கேன். ஏன், எதுக்குன்னு அம்மா கேட்கலை. பீரோவில் நகைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டதாக ராத்திரி மெசேஜ் வந்தது.